தேத்தண்ணி ஆறும்வரை

"முதுகு நல்லாயிட்டா முதல்ல என்ன செய்யப் போற?" என்று கேட்டேன்.

"ஃபெரி ஏறப் போறேன்."

"எங்கே?"

"அக்கா வீட்டுக்குலா. வேற எங்க போவேன், லண்டனுக்கா?"

"எத்தனை நாளைக்கு?"

சாந்தினி ரொட்டியில் காயா ஜாம் தடவிக்கொண்டிருந்தாள். ஓரம்வரை தடவுவாள். ஓரம் காய்ந்திருந்தால் நான் தட்டிலேயே வைத்துவிடுவேன் என்று அவளுக்குத் தெரியும். தடவி முடித்து, தட்டை என் பக்கம் நகர்த்திவிட்டுச் சொன்னாள்: "தெரியலங்க. போய் இருந்து பார்க்கிறேன். திரும்பி வரணும்னு தோணுச்சுன்னா வர்றேன்."

"உனக்கு இன்னொரு ரொட்டி வாட்டவா?" என்று கேட்டேன்.

அந்தக் காலை நாங்கள் பேசியது இவ்வளவுதான். வாக்குமூலத்தை எங்கிருந்து வேண்டுமானாலும் தொடங்கலாம் என்று சொன்னீர்கள். நான் செய்ததெல்லாம் இதற்குப் பிறகுதான் என்பதால் இங்கிருந்தே தொடங்குகிறேன். அன்றைய ரொட்டி நன்றாக இருந்தது என்பதும் நினைவில் இருக்கிறது.

என் பெயர் ஆர்தர். பல்கலைக்கழகத்தின் முதுகெலும்பு ஆய்வுக்கூடத்தில் செல் வளர்க்கும் அறை என் பொறுப்பில் இருந்தது. முதுகெலும்பில் ஒவ்வோர் எலும்புக்கும் அடுத்ததற்கும் நடுவில் மெத்தை மாதிரி ஒரு டிஸ்க் இருக்கிறது. வயதானால், அல்லது வருடக்கணக்கில் குனிந்து நிமிர்ந்து வேலை செய்தால், அது தேய்ந்து பிதுங்கும். பிதுங்கிய துண்டை மருத்துவர்கள் வெட்டி எடுத்துக் குப்பையில் போடுவார்கள். நாங்கள் அந்தத் துண்டைக் கேட்டு வாங்கி, அதில் உயிரோடிருக்கும் செல்களைப் பிரித்து வளர்த்து, கூழ் போன்ற ஒரு பொருளில் கலந்து, அதே நோயாளியின் டிஸ்க்குக்குள் ஊசியால் திருப்பிச் செலுத்தும் முறையை ஆராய்ந்தோம். ஆடுகளுக்குச் செய்து பார்த்தோம். தேய்ந்த டிஸ்க் மறுபடி ஈரம் பிடித்து உப்பியது. அதன் பிறகு மனிதர்களுக்குச் செய்ய அனுமதி கிடைத்தது. மிகச் சிலருக்கு மட்டும். அவர்களில் என் மனைவியும் ஒருத்தி.

சாந்தினி பாயான் பாருவில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்திலுள்ள மின்னணுத் தொழிற்சாலையில் வேலை பார்த்தாள். பெட்டி தூக்கி, குனிந்து, நிமிர்ந்து, இடுப்பு போனது. நாங்கள் காதலித்துக் கல்யாணம் செய்துகொண்டவர்கள். நான் கத்தோலிக்கன், அவள் இந்து. எங்கள் வீட்டு அலமாரியில் மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில் பிள்ளையார் இருக்கிறார். அவருக்கு அவள் வைக்கும் பூவில் பாதியை மாதாவுக்கும் வைப்பாள். பிள்ளைகள் இல்லை. அதைப் பற்றி நாங்கள் ஒருநாளும் சண்டை போட்டதில்லை. "ஒரு தடவையாவது போட்டிருக்கலாம்லா" என்று அவள் ஒருமுறை சொன்னாள்.

நான் சத்தம் போடுகிற ஆள் இல்லை. எதையும் கேட்கிற ஆளும் இல்லை. அது எங்கள் குடும்ப வழக்கம். என் அப்பா பேட்ரிக் சாகக் கிடந்தபோதுகூடத் தண்ணீர் வேண்டும் என்று கேட்கவில்லை. "உனக்குத் தாகமா இல்லையா?" என்று அம்மாவிடம் கேட்டார். அம்மா புரிந்துகொண்டு கொண்டுவந்தார். எனக்கு அது அன்பாகத்தான் தெரிந்தது. சாந்தினி தீபாவளிக்குக் கடலுக்கு அக்கரையில் சிம்பாங் அம்பாட்டிலிருக்கும் அவள் அக்கா குமுதா வீட்டுக்குப் போகக் கிளம்பினால், "மழை வரும்போல இருக்கு, உனக்கு ஒத்துக்காது" என்பேன். "பாலத்துல ஜாம் ஆகும், உனக்கு இடுப்பு வலிக்கும்" என்பேன். போகாதே என்று நான் சொன்னதே இல்லை. அவளுக்கு நல்லதைத்தான் சொல்லியிருக்கிறேன்.

இப்போது எங்கள் ஆய்வுக்கூடத்து வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். எந்த நோயாளியின் செல் எது என்று, அதை வளர்க்கிறவருக்குத் தெரியக் கூடாது. அதனால் எங்கள் தலைவர், டாக்டர் ஃபாத்தின் என்ற பெண்மணி, ஒவ்வொன்றுக்கும் ஒரு தீனிப் பெயர் வைப்பார். எண் வைத்தால் எல்லோருக்கும் தூக்கம் வருகிறது என்பார். லக்சா இருந்தது. செண்டோல் இருந்தது. பசெம்பூர் ஒன்று, வளரவே மாட்டேன் என்று அடம்பிடித்தது. யாருடையது எது என்பது ஃபாத்தினுக்கு மட்டுமே தெரியும். "லக்சாவுக்குப் பசிக்கிறது, உணவு மாற்றுங்கள்" என்று சொல்லிக்கொள்வோம். வீட்டில் இதைச் சொன்னபோது சாந்தினி சிரித்தாள்.

"செல்லுக்கெல்லாம் பேர் வச்சுக் கூப்பிடுறீங்க. என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு எத்தனை வருஷமாச்சு?"

உண்மைதான். நான் "இந்தாம்மா" என்றுதான் கூப்பிடுவேன்.

சாந்தினியின் அறுவைச் சிகிச்சை முடிந்து அவளுடைய துண்டு எங்களிடம் வந்ததும், ஃபாத்தின் அதற்குப் பாயாசம் என்று பெயர் வைத்தார். ஒவ்வொரு தீபாவளிக்கும் சாந்தினி ஆய்வுக்கூடத்துக்கு ஒரு தூக்குச்சட்டி நிறையச் சவ்வரிசிப் பாயாசம் கொடுத்தனுப்புவாள், வெல்லத்துக்குப் பதில் குலா மலாக்கா போட்டு. ஃபாத்தின் இரண்டு கிண்ணம் குடிப்பார். கூழுக்குள் வளரும் செல்கள் உருண்டை உருண்டையாகச் சவ்வரிசி மாதிரிதான் இருக்கும். அந்தப் பெயரை அட்டையில் எழுதும்போது ஃபாத்தின் என்னைப் பார்க்கவில்லை. நானும் அவரைப் பார்க்கவில்லை. அன்பினால் செய்த தவறு அது. விதிப்படி அது யாருடையது என்று எனக்குத் தெரியாது. எனக்குத் தெரியாத ஒன்றிலிருந்து என்னை விலக்கி வைக்கவும் அவரால் முடியாது.

நான் பாயாசத்தை நன்றாகத்தான் வளர்த்தேன். என்னைப் பற்றி எதை வேண்டுமானாலும் எழுதுங்கள், இதையும் எழுதிக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் நேராக ஆய்வுக்கூடத்துக்குப் போய் உணவு மாற்றினேன். அவளுக்குள்ளிருந்து வந்தது கண்ணாடித் தட்டில் உயிரோடு இருப்பதைக் குனிந்து பார்ப்பது எனக்குப் பிடித்திருந்தது. அது எங்கும் போகவில்லை.

போதுமான அளவு வளர்ந்ததும் உறைய வைத்தோம். ஊசி போடும் நாளில் உருக்குவோம். உறைய வைப்பது மெதுவாக, உருக்குவது விரைவாக என்பது எங்கள் வேலையில் முதல் பாடம். உறையும்போது செல்லைக் காப்பாற்றுவதற்காக ஒரு திரவம் சேர்ப்போம். குளிரில் அது காவல். சூடு வந்துவிட்டால் அதுவே விஷம். அதனால் குப்பியை வெந்நீரில் வைத்து, பனிக்கட்டி கரைந்ததும் உடனே எடுத்து, அந்தத் திரவத்தைக் கழுவிவிட வேண்டும்.

நான் ரொட்டியைப் பற்றிச் சொன்னேன் அல்லவா, அது ஊசி போடும் நாளின் காலை.

அன்று நான் குப்பியை வெந்நீரில் வைத்தேன். பிறகு பக்கத்து அறைக்குப் போய்த் தேத்தண்ணி கலக்கினேன். பால் ஊற்றாமல், தே ஓ. ஆறட்டும் என்று வைத்தேன். ஆறியதும் குடித்தேன். கோப்பையைக் கழுவித் துடைத்து மாடத்தில் கவிழ்த்தேன். நான் செய்தது அவ்வளவுதான். ஒருவர் தேத்தண்ணி குடிப்பதை எந்தச் சட்டம் குற்றம் என்று சொல்லும் என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

திரும்பி வந்து, எப்போதும்போலக் கழுவி, ஒரு துளியில் நீலச் சாயம் விட்டு நுண்ணோக்கியில் பார்த்தேன். உயிருள்ள செல் சாயத்தை உள்ளே விடாது. செத்தது விட்டுவிடும். கண்ணுக்கெட்டிய மட்டும் நீலமாக இருந்தது. அழகாகக்கூட இருந்தது. பிறகு உயிரோடிருந்த செண்டோலில் ஒரு துளி எடுத்து, பாயாசத்தின் துளி இருந்த இடத்தில் வைத்துவிட்டு ஃபாத்தினைக் கூப்பிட்டேன். அவர் குனிந்து பார்த்து, "பாகுஸ், ஆர்தர், பாகுஸ்" என்று பாராட்டி என் தோளைத் தட்டினார். அவருக்குக் கண் கலங்கியிருந்தது. பாயாசத்தைக் கூழில் கலந்து, பெட்டியில் வைத்து, மருத்துவமனைக்குக் கொடுத்தனுப்பினேன்.

அவளுக்குத் தீங்கு செய்ய நான் நினைக்கவே இல்லை. இதை நீங்கள் நம்ப வேண்டும். ஆடுகளில் வெறும் கூழை மட்டும் செலுத்தியும் பார்த்திருக்கிறோம். ஒன்றும் ஆகாது. நல்லதும் ஆகாது, கெட்டதும் ஆகாது. செத்த செல்லும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன். அவள் இடுப்பு முன்போலவே வலிக்கும், நான் முன்போலவே தைலம் தேய்ப்பேன், ஃபெரி இன்னும் கொஞ்ச நாள் காத்திருக்கும். அதற்குள் அவள் மனசு மாறலாம். ஒருவருக்கு யோசிக்க அவகாசம் கொடுப்பது தவறில்லையே.

செத்த செல்கள் சும்மா இருக்கவில்லை. உடம்பு அவற்றைக் குப்பையாகக் கண்டு சண்டைக்குப் போனது. டிஸ்க் வீங்கி, உடைந்து, பின்னாலிருந்த நரம்புக் கற்றையை நசுக்கியது. சாந்தினி குளியலறையில் விழுந்தாள். "காலைக் காணோங்க" என்றாள். கால் அங்கேயேதான் இருந்தது. அவசரமாக அறுத்துப் பார்த்தார்கள். அதற்குப் பிறகு இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. சிறுநீருக்குக் குழாய்.

ஆய்வை நிறுத்தினார்கள். விசாரணை வைத்தார்கள். கூழின் தரம், பெட்டியின் குளிர், ஊசியின் கோணம் என்று எல்லாவற்றையும் கேட்டார்கள். என்னிடம் கேட்டவர்கள் மிகவும் தயங்கித் தயங்கி, இந்த நேரத்தில் தொந்தரவு செய்வதற்கு மன்னிக்கச் சொல்லிக் கேட்டார்கள். நீ செய்தாயா என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். நான் பொய் சொல்லிப் பழகியவன் இல்லை. கூழைத் தயாரித்தவர் ஃபாத்தின் என்பதால் பழி அவர்மேல் விழுந்தது. அவர் வேலையை விட்டார். ஒருநாள் வீட்டுக்கு வந்து, சாந்தினியின் கையைப் பிடித்துத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டு, "மாஃப், காக், மாஃப்" என்று மன்னிப்புக் கேட்டு அழுதார். சாந்தினிதான் அவர் முதுகைத் தடவிக்கொடுத்தாள். நான் இருவருக்கும் தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்தேன். அதே சிகிச்சைக்கு வரிசையில் காத்திருந்த ஆயர் ஈத்தாம் பஸ் ஓட்டுநர் அய்யாக்கண்ணு மட்டும் வெகுநாள் தொலைபேசியில் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். "எப்போ சார் மறுபடி ஆரம்பிப்பீங்க? உக்கார முடியல சார்" என்பார். சீக்கிரம் என்று சொல்லிவைத்தேன்.

நான் சீக்கிரமே ஓய்வு வாங்கிக்கொண்டேன். அவளைக் குளிப்பாட்டினேன். தலை பின்னக் கற்றுக்கொண்டேன். படுக்கைப் புண் வராமல் புரட்டிப் படுக்க வைத்தேன். மாதா கோயிலில் பெண்கள் என்னைக் காட்டித் தங்கள் கணவன்மாரிடம் பேசினார்கள். அன்னமேரி அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "சாந்தினி குடுத்து வச்சவ தம்பி" என்றார். அந்த மாதங்களைப் போல நாங்கள் எப்போதும் வாழ்ந்ததில்லை. அவள் எல்லாவற்றையும் என்னிடம் கேட்டாள். தண்ணீர், போர்வை, ஜன்னல். எனக்கு அவளிடம் கேட்க எதுவும் இருக்கவில்லை.

"நான் விழுந்ததிலேருந்து நீங்க நல்லா தூங்குறீங்க" என்றாள் ஒருநாள், அவளுக்குத் தலைவாரிக்கொண்டிருந்தபோது.

"வேலை அலுப்பு."

"பாட்டுகூட முணுமுணுக்கிறீங்க."

"உனக்குச் சந்தோஷமா இருக்கட்டுமேன்னு."



இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். இது நீங்கள் கேட்காதது. ஒரு காலை அவள் பாதத்தைத் துடைத்துக்கொண்டிருந்தேன். துண்டு கொஞ்சம் ஈரமாக, குளிர்ச்சியாக இருந்தது. இடது கால் பெருவிரல் அசைந்தது. துடிப்பு இல்லை, எனக்கு வித்தியாசம் தெரியும். பாதம் என் கையிலிருந்து விலகிக்கொள்ளப் பார்த்தது. அவள் மல்லாந்து படுத்து, சீலிங்கைப் பார்த்துக்கொண்டு, குமுதா வீட்டு நாயைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தெரியவில்லை. நரம்பு மெல்ல உயிர்பிடிக்கிறது என்று எனக்குத் தெரிந்தது. இப்போது விடாமல் பயிற்சி கொடுத்தால் நிற்க வைக்கலாம் என்பதும் தெரிந்தது.

நான் போர்வையை இழுத்துப் பாதத்தை மூடினேன். வாரம் தவறாமல் வந்துகொண்டிருந்த உடற்பயிற்சிச் சிகிச்சைப் பெண்ணை இனி வர வேண்டாம் என்றேன். பயனில்லாத பயிற்சியால் அவளுக்கு ஏமாற்றம்தான் மிஞ்சும் என்று காரணம் சொன்னேன். சாந்தினியிடம், அந்தப் பெண் வேலை மாறிப் போய்விட்டாள் என்றேன். பொய் சொல்லிப் பழகியவன் இல்லை என்று சற்று முன் சொன்னேன். அந்த ஒன்றைத் தவிர என்று திருத்திக்கொள்ளுங்கள்.

குமுதா அக்காதான் கண்டுபிடித்தார். போன சனிக்கிழமை ஃபெரியில் வந்திருந்தார். தங்கை காலுக்கு நகப்பூச்சுப் போட்டுவிட உட்கார்ந்தவர், திடீரென்று அலறினார்.

"ஏய், வெரல ஆட்டுறடி! சாந்தி, பாருடி, ஆட்டுற!"

"சும்மா இரு அக்கா, எதையாவது சொல்லாத."

"மாதா சத்தியமா! உன் வீட்டு மாதா மேலயே சத்தியம்! ஆர்தர், வந்து பாரேன்!"

"அது அப்பப்ப வரும்" என்றேன்.

 சாந்தினி தலையை மட்டும் என் பக்கம் திருப்பினாள்.

"அப்பப்ப வருமா?"

நான் அவள் பாதத்தை மூடப் போர்வையை எடுத்தேன்.

"அக்கா, கொஞ்சம் வெளிய இரு" என்றாள். குமுதா நகப்பூச்சுப் புட்டியோடு எழுந்து போனார். சாந்தினி என்னை வெகுநேரம் பார்த்தாள். கோபமாகப் பார்க்கவில்லை. கணக்குப் போட்டு முடித்தவள்போலப் பார்த்தாள்.

"அந்த ஊசியில என்ன இருந்துச்சு?"

ஒருவர் கடைசியில் கேட்டுவிட்டார். நான் சொன்னேன். வெந்நீரைச் சொன்னேன், தேத்தண்ணியைச் சொன்னேன், நீலத்தைச் சொன்னேன். "உனக்குத் தீங்கு வரணும்னு நினைக்கல" என்றும் சொன்னேன். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். பக்கவாட்டில் இறங்கிய கண்ணீரை அவளால் துடைத்துக்கொள்ள முடியும், கைகள் நன்றாகத்தான் இருந்தன. ஆனாலும் நான் கைக்குட்டையை எடுத்தேன்.

"தொடாதீங்க" என்றாள்.

மறுநாள் காலை கிளம்பினார்கள். அக்காவின் கார் அக்கரையில், பட்டர்வொர்த்தில் நின்றது. வாடகைக் காரில் பாலம் வழியாகச் சுற்றிப் போய்விடலாம் என்று குமுதா சொன்னார். சாந்தினி கேட்கவில்லை. "ஃபெரியிலதான் போவேன்" என்றாள். நானும் துறைமுகம்வரை வந்தேன். சக்கர நாற்காலியைச் சரிவில் ஏற்றும் விதம் அக்காவுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். சாந்தினி வேண்டாம் என்று சொல்லவில்லை. நான் தள்ளினேன். பின்னலை அவளே போட்டிருந்தாள், கொஞ்சம் கோணலாக இருந்தது.

ஃபெரி வந்து நின்று, மோட்டார் சைக்கிள்கள் இறங்கிக்கொண்டிருந்தன. கடலுக்கு அந்தப் பக்கம் வானம் கறுத்திருந்தது.

"மழை வர்ற மாதிரி இருக்கு" என்றேன். "உனக்குச் சாரல் ஒத்துக்காது."

சாந்தினி சிரித்தாள். சத்தியமாகச் சிரித்தாள். கண் நிறைந்திருந்தது.

"இன்னும் எனக்காகவேதான் பேசுறீங்க" என்றாள். "அன்னிக்குக் காலையில, அக்கா வீட்டுக்குப் போறேன், வருவேனோ மாட்டேனோன்னு சொன்னேனே. எதுக்குச் சொன்னேன்னு நெனைக்கிறீங்க?"

"போறதுக்கு."

"போறவ சொல்லிட்டா போவா? நீங்க ஒரு தடவை கேட்பீங்கன்னு சொன்னேங்க. ஒரே ஒரு தடவை. இருந்திருப்பேன்லா." அவள் கடலைப் பார்த்தாள். "ரொட்டி வாட்டவான்னு கேட்டீங்க."

கதவு திறந்தது. ஆட்கள் நகர ஆரம்பித்தார்கள். குமுதா அக்கா நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார்.

"கையை எடு, ஆர்தர்."

எடுக்க வேண்டும் என்றுதான் நினைத்தேன். கைப்பிடி என் உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டிருந்தது. அவள் முகம் எனக்குத் தெரியவில்லை. கோணல் பின்னலும், அதற்குக் கீழே, நான் ஒரு தேத்தண்ணி ஆறும் நேரத்தில் அழித்துவிட்ட முதுகும் மட்டும் தெரிந்தன. "உனக்கு..." என்று தொடங்கினேன். அதற்கு மேல் வரவில்லை. அங்கே அவளுக்கு அக்கா இருந்தார், பயிற்சிக்கு ஆள் பார்த்தாகிவிட்டது, அவளுக்கு எந்தக் குறையும் இல்லை. சொல்வதற்கு அவளைப் பற்றி எதுவுமே மிச்சமில்லை.

"சாந்தினி" என்றேன். "போவாதே. எனக்காக இரு."